பதின்மூன்றுக்கு ஏழு

நேயர்களுக்கு வணக்கம். ரக்பி பற்றிப் பேச வர முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். நான் ஒருநாளும் ஆடியவனில்லை என்றேன். பார்த்திருக்கிறீர்களே, அது போதும் என்றார்கள். உண்மையைச் சொன்னால், ஆட்டம் பார்த்த நேரத்தைவிட ஆட்டத்துக்குக் காத்திருந்த நேரம்தான் அதிகம். அதனால் அந்த 80 நிமிடத்தை ஓரமாக வைத்துவிட்டு, அதற்கு முந்தின சில நாட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

2018ஆம் வருடம், பிப்ரவரி மாதம். வேலை காரணமாக ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் குடியிருந்தேன். பழைய கல் கட்டடம், நான்கு மாடி, எல்லோருக்கும் ஒரே மாடிப்படி. கீழ்வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். இங்கிலாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஹாயிக் என்ற ஊர்க்காரர். பின்னலாடைக்குப் பேர்போன ஊர் அது. அவரும் அந்தத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். ஸ்காட்லாந்தில் பெரும்பாலான இடங்களில் கால்பந்துதான் எல்லாம். எல்லைப்புறத்துச் சின்ன ஊர்களில் மட்டும் ரக்பி. அங்கே ஒருவரோடு பத்து நிமிடம் பேசினால் போதும், யாருடைய சித்தப்பா எந்த வருடம் நாட்டுக்காக ஆடினார் என்பது வரை வந்துவிடும்.

திங்கட்கிழமை சாயங்காலம் வீடு திரும்பியபோது மாடிப்படி அடியில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் பழைய ஜாம் பாட்டில், பக்கத்தில் ஒரு தாள். சனிக்கிழமை ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஆட்டம். ஒரு பவுண்டு காசைப் பாட்டிலில் போட்டுவிட்டு, என்ன ஸ்கோர் வரும் என்று தாளில் எழுத வேண்டும். சரியாகச் சொன்னவருக்குப் பாட்டில் சொந்தம். முதல் வரியில் பெரியவரின் எழுத்து: ஸ்காட்லாந்து 13, இங்கிலாந்து 7.

மூன்றாம் மாடிப் பெண்ணிடம் விசாரித்தேன். "அவர் வருஷா வருஷம் அதையேதான் எழுதுவார்" என்றாள்.

அந்த 13-7 எங்கிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. 1990 மார்ச் 17. அன்றைக்கு இரண்டு அணிகளுமே வருஷா வருஷம் நடக்கும் ஐந்து நாட்டுப் போட்டியில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கடைசி ஆட்டத்துக்கு வந்திருந்தன. ஜெயிக்கிறவருக்குக் கோப்பை, பட்டம், எல்லாரையும் வென்ற பெருமையான கிராண்ட் ஸ்லாம் எல்லாம் ஒரே மூட்டையாகக் கிடைக்கும். இங்கிலாந்து ஜெயிக்கும் என்பதுதான் ஊர்ப் பேச்சு. அது மார்கரெட் தாட்சரின் ஆட்சிக்காலம் வேறு. தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரியை இங்கிலாந்துக்கு ஒரு வருடம் முன்பே ஸ்காட்லாந்தில் கொண்டுவந்திருந்தார்கள். ஜனங்கள் கொதித்துப் போயிருந்தார்கள். இங்கிலாந்து அணி மைதானத்துக்குள் ஓடி வந்தது. ஸ்காட்லாந்தின் கேப்டன் டேவிட் சோல் ஓடவில்லை. தன் ஆட்களை வரிசையாக, மெதுவாக, நடத்திக் கூட்டிவந்தார். அவ்வளவுதான் செய்தார். ஆனால் அந்த நடையைப் பார்த்தபோதே பாதி ஜெயித்துவிட்டோம் என்று பெரியவர் சொல்வார். இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில் கேவின் ஹேஸ்டிங்ஸ் உதைத்துவிட்ட பந்தைத் துரத்திப் போய் டோனி ஸ்டாங்கர் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தார். ஸ்டாங்கர் ஹாயிக் பையன். 13-7.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதற்கு டிரை என்று பெயர். 1990இல் அதற்கு 4 புள்ளி. 1992இல் 5 ஆக்கிவிட்டார்கள். அன்றைக்கு இரு பக்கமும் ஆளுக்கு ஒரு டிரை. ஆகவே இன்றைய கணக்கில் அந்த ஸ்கோர் 14-8. செவ்வாய்க்கிழமை இதைக் கண்டுபிடித்த பெருமையில் பெரியவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

வியாழக்கிழமை அவரே கூப்பிட்டார். வியாழன் என்றால் அணி அறிவிக்கிற நாள். அந்த வாரம் நாடு முழுக்க ஒரே கேள்வி: ஃபின் ரஸல் இருப்பாரா? பத்தாம் எண் சட்டை, ஃப்ளை ஹாஃப் என்பார்கள்; பந்தை உதைப்பதா, பக்கத்தில் தருவதா, ஓடுவதா என்று முடிவெடுக்கிற ஆள். ரஸல் வித்தைக்காரர். வித்தை பலித்தால் கைதட்டல், பலிக்காவிட்டால் வசவு. இப்போது ஆறு நாடுகள் ஆடும் அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்தில் வேல்ஸிடம் 34-7 என்று உதை வாங்கினார்கள். அடுத்து பிரான்ஸை ஜெயித்தார்கள், ஆனால் அந்த ஆட்டத்தின் நடுவிலேயே ரஸலை வெளியே எடுத்துவிட்டார் பயிற்சியாளர் கிரெகர் டவுன்சென்ட். எதிரே வருவதோ, எடி ஜோன்ஸ் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பிறகு 25 ஆட்டத்தில் 24 ஜெயித்த இங்கிலாந்து. முந்தின வருடம் லண்டனில் 61-21 என்று அடித்து அனுப்பியவர்கள். இந்த நேரத்தில் வித்தைக்காரரை நம்புவதா?

அலுவலகத்தில் காபி மெஷினைச் சுற்றி ஒரு மணி நேரம் இதே பேச்சு. நான் கவனித்தது வேறு. ஒருவர்கூட "நாம் ஜெயிப்போம்" என்று சொல்லவில்லை. "ரொம்ப மோசமாகத் தோற்க மாட்டோம்" என்றார்கள். "மழை வந்தால் ஒருவேளை" என்றார்கள். நம்பிக்கைதான் ஆளைக் கொல்லும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. விளையாட்டு ரசிகர்கள் வாயில் அடிக்கடி வரும். முன்கூட்டியே தோல்விக்கு ஒரு தவணை கட்டிவைத்துவிட்டால் சனிக்கிழமை வலி குறையும் என்கிற ஏற்பாடு. இதே ஊர் ஆட்கள் மாடிப்படி மாதிரி ஆள் பார்க்காத இடத்தில் தாளில் ஸ்கோர் எழுதும்போது என்ன எழுதினார்கள் தெரியுமா? எங்கள் கட்டடத்தில் பதினோரு பேர் எழுதியிருந்தோம். பத்தில் ஸ்காட்லாந்துக்கு வெற்றி. பதினோராவது நான். விவரம் தெரியாமல், புள்ளிவிவரத்தை நம்பி, இங்கிலாந்து என்று எழுதித் தொலைத்தேன்.

பத்துப் பேரின் ஆசையும் சாதாரண ஆசை இல்லை. ஸ்காட்லாந்து இங்கிலாந்தைக் கடைசியாக ஜெயித்தது 2008இல். அதைவிடக் கொடுமை, சொந்த மைதானமான மர்ரேஃபீல்டில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டிரை போட்டே 14 வருடம் ஆகியிருந்தது. 2004க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. 2008இல் ஜெயித்ததும் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து உதைத்துச் சேர்த்த புள்ளியில்தான்.

சரி, ரஸல் அணியில் இருந்தார். பெரியவர் டிவியை அணைத்துவிட்டு, "டவுன்சென்டும் எல்லைப்புறத்துக்காரன்தான், புத்தி இருக்கும்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "அந்தக் கோப்பை உங்க ஊர்க் காசு, தெரியுமா?" என்றார்.

கோப்பையின் பெயர் கல்கத்தா கோப்பை. எங்கள் ஊரிலிருந்து கல்கத்தா எவ்வளவு தூரம், சென்னையிலிருந்தே ரயிலில் ஒரு நாளுக்கு மேல் என்று விளக்கப் பார்த்தேன். அதெல்லாம் அவருக்கு ஏறவில்லை. கதை இதுதான். 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி ஆட்டம் ஆடினார்கள். ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள், மறுபக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆட்கள். அடுத்த மாதமே ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். ஆனால் வங்காளத்து வெயிலில் ரக்பி எத்தனை நாள் தாங்கும்? டென்னிஸும் போலோவும் ஆட்களை இழுத்துக்கொண்டன. கிளப்பில் இலவசமாக ஊற்றிக்கொடுத்த மதுவை நிறுத்தியதும் உறுப்பினர்கள் கழன்றுகொண்டார்கள் என்றும் சொல்வார்கள். எனக்கு இந்தக் காரணம்தான் நம்பும்படி இருக்கிறது. கடைசியில் மிச்சம் இருந்தவர்கள் கிளப்பை மூடினார்கள். வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி, கோப்பை செய்து 1878இல் இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்தார்கள். ஒன்றரை அடி உயரம். மூன்று கைப்பிடி, மூன்றும் நாகப்பாம்பு. மூடியில் அம்பாரி வைத்த யானை. 1879 மார்ச்சில் எடின்பரோவில் முதல் ஆட்டம், சமனில் முடிந்தது. கோப்பையின் அடிப்பீடத்தில் வெற்றிப் பட்டியல் பொறித்திருக்கிறார்கள், அது 1871இலிருந்து ஆரம்பிக்கிறது. இரு நாடுகளும் முதன்முதலில் மோதியது அந்த வருடம்தான். அப்போது இந்தக் கோப்பை பிறக்கவே இல்லை.

1988இல் ஆட்டம் முடிந்த இரவு, ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரியும் இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸும் இதைத் தூக்கிக்கொண்டு எடின்பரோ தெருக்களில் பந்தாடிவிட்டார்கள். கோப்பை நசுங்கிப் போனது. ஜெஃப்ரிக்கு ஆறு மாதத் தடை, ரிச்சர்ட்ஸுக்கு ஒரே ஒரு ஆட்டம். இதைச் சொல்லும்போது மட்டும் பெரியவர் குரலை உயர்த்தினார். கோப்பை நசுங்கியதற்காக இல்லை, தண்டனையில் இருந்த வித்தியாசத்துக்காக.

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்தே நகரம் மாறத் தொடங்கியது. வேவர்லி ரயில் நிலையத்தில் தெற்கேயிருந்து வருகிற ஒவ்வொரு ரயிலும் இங்கிலாந்தின் வெள்ளைச் சட்டைக்காரர்களை இறக்கிவிட்டது. கட்டம் போட்ட கில்ட் பாவாடை உடுத்தி, கீழே மலை ஏறுகிற பூட்ஸ் மாட்டிய ஸ்காட்லாந்துக்காரர்கள் அவர்களுக்கே வழி சொன்னார்கள். எந்தப் பப்பில் இடம் கிடைக்கும் என்பதையும் சொன்னார்கள். ரக்பியில் எதிரணி ரசிகர்களைத் தனியாகப் பிரித்து உட்காரவைப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து இருக்கைதான்.

அன்றிரவு பெரியவர் கதவைத் தட்டினார். அபர்தீனில் இருக்கும் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. "ஒரு டிக்கெட் மிச்சம். நீ வா. ஆனால் அந்த 14-8 கணக்கை மைதானத்தில் எடுக்கக் கூடாது."

சனிக்கிழமை ஆட்டம் சாயங்காலம் 4.45க்கு. பெரியவர் 11 மணிக்கே மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு மாடிப்படியில் நின்றார். ஹேமார்க்கெட் வரை பஸ், அதற்கு மேல் நடை. டிராம் இருக்கிறதே என்றேன். டிராமில் போகிறவர்கள் ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள், நடந்து போகிறவர்கள்தான் ரசிகர்கள் என்றார். குளிர் காதைக் கடித்தது. ரோஸ்பர்ன் பக்கம் போனதும் சாலை முழுக்கத் தலைகள். ஒரு பையன் பேக்பைப் வாசித்துக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ என்ற பலகாரம் விற்கிற வண்டியில் வரிசை. பெரியவர் கோட்டுப் பையிலிருந்த சின்ன விஸ்கிக் குடுவையை எடுத்து முன்னால் போன இங்கிலாந்துக்காரரிடம் நீட்டினார். அவரும் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்று உங்களுக்கு இது தேவைப்படும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பிக் கொடுத்தார். நாலு பேர் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு மைதானம் வரும்வரை வாய் திறக்கவில்லை.

உள்ளே 67 ஆயிரம் பேர். ஆட்டம் தொடங்கச் சிறிது நேரம் இருக்கும்போது, வீரர்கள் வெளியே வருகிற வழியில் தள்ளுமுள்ளு என்று செல்பேசிகளில் செய்தி ஓடியது. கூட்டத்தின் சத்தம் ஒரு படி ஏறியது. பிறகு நாட்டுப் பாடல். முதல் சரணத்துக்குப் பேக்பைப் வாசிப்பார்கள், இரண்டாவதற்கு நிறுத்திவிடுவார்கள். வாத்தியம் நின்ற இடத்தில் அத்தனை ஆயிரம் தொண்டையும் தனியாகத் தொடர்ந்தது. வார்த்தை தெரியாத நானும் ஏதோ கத்தினேன். பெரியவர் பாடவில்லை. இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இருந்தது சந்தோஷமா பயமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதில்லை என்றேன், ஆகவே சுருக்கமாக முடிக்கிறேன். ரஸல் இங்கிலாந்து வீரரின் கைக்கு எட்டாமல் தலைக்கு மேல் ஒரு பந்தைத் தூக்கி எறிந்தார், பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஹ்யூ ஜோன்ஸ் இரண்டு டிரை, ஷான் மெய்ட்லண்ட் ஒன்று. 14 வருடப் பசி ஒரே பாதியில் தீர்ந்தது. 25-13, ஸ்காட்லாந்து.

நடந்தே திரும்பினோம். வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்தார்கள். வீட்டு வாசலில் பெரியவர் ஸ்டூல் முன்னால் நின்று தாளை மேலிருந்து கீழாகப் படித்தார். யாரும் சரியாக எழுதவில்லை. பாட்டிலை எடுத்துக் குலுக்கினார், திரும்ப வைத்தார்.

"13 சரிதான்" என்றார். "பாழாய்ப் போனது, அந்தப் பக்கம் போய் விழுந்துவிட்டது."

நன்றி. வணக்கம்.