மான்யியின் கடைசி ஜிரோ

அவையோருக்கு வணக்கம்.

இத்தாலியச் சைக்கிள் பந்தயம் என்றாலே கோப்பி, பார்த்தாலி என்று இரண்டு பெயர்களோடு நிறுத்திவிடுகிறோம். அவர்கள் இருவரும் சாலைகளை ஆண்ட அதே காலத்தில், இத்தாலியைச் சுற்றிப் பல நாள் நடக்கும் ஜிரோ தித்தாலியா பந்தயத்தை 1948, 1951, 1955 என மூன்று முறை வென்றவர் ஃபியோரென்சோ மான்யி. டஸ்கனிக்காரர், 1920இல் பிறந்தவர். ‘மூன்றாமவர்’ என்றே அவரை அழைத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மலையேற்றத்தில் கோப்பிக்கு அவர் ஈடில்லைதான். ஆனால் குளிர்காற்றும் மழையும் கல் பாவிய சாலைகளும் ஆளையே முறிக்கும் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தை 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றார். அதை இன்றுவரை வேறு எவரும் செய்ததில்லை.

கறைகளையும் சொல்லியாக வேண்டும். போரின்போது அவர் பாசிஸ்டுகள் பக்கம் இருந்தார். 1944இல் இத்தாலியின் வாலிபோனாவில் பாசிச எதிர்ப்புப் படையினருடன் நடந்த மோதல் தொடர்பாக அவர்மீது வழக்கு நடந்தது, தண்டனையின்றி விடுபட்டார். 1948 ஜிரோவில், போர்தோய் கணவாயில் ரசிகர்கள் அவரைப் பின்னாலிருந்து தள்ளி மேலேற உதவினார்கள் என்று அவருக்கு 2 நிமிட அபராதம் விதிக்கப்பட்டது. அது போதாது என்று கோப்பியின் அணி பந்தயத்திலிருந்தே விலகியது. மான்யி 11 விநாடி வித்தியாசத்தில் வென்றார். மிலான் அரங்கில் அவரைச் சீழ்க்கையடித்து அவமதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

1950 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டை அவர் மேல் இருந்தது. பார்வையாளர்கள் தம்மைத் தாக்கியதால் பார்த்தாலி விலக முடிவெடுத்தார். இத்தாலியர்கள் அனைவரும் விலகினார்கள். முதலிடத்தில் இருந்த மான்யியும் வீடு திரும்பினார்.

இனி 1956 ஜிரோ. அவருக்கு 35 வயது, அதுவே கடைசிப் பருவம். வோல்தெர்ரா இறக்கத்தில் விழுந்து இடது காறையெலும்பு முறிந்தது. மருத்துவர்கள் போதும் என்றார்கள்; அவர் கேட்கவில்லை. பொலோன்யாவில் சான் லூக்கா குன்றேற்றம். இடக்கையால் ஹாண்டில்பாரை இழுக்க முடியவில்லை. மெக்கானிக் ஒரு டியூபை அறுத்து ஹாண்டில்பாரில் கட்டிக்கொடுக்க, அதைப் பல்லால் கவ்வி இழுத்தபடியே ஏறினார். அந்தப் புகைப்படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பிறகு மீண்டும் விழுந்தார். இம்முறை மேற்கையெலும்பு. வலியில் மயங்கியவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நினைவு திரும்பியதும், நிறுத்தச் சொல்லி இறங்கி மறுபடியும் சைக்கிளில் ஏறிவிட்டார்!

ஜூன் 8ஆம் தேதி மோந்தே போந்தோனே மலையில் பனி கொட்டியது. உடல் நலமாக இருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் அன்று விலகினார்கள். லக்ஸம்பர்கின் சார்லி கோல் மலையையும் வென்று ஜிரோவையும் வென்றார். இரண்டு எலும்புகள் முறிந்த நிலையில் மான்யி, அவருக்கு 3 நிமிடம் 27 விநாடி பின்னால், மொத்தப் பட்டியலில் இரண்டாமவராக மிலான் வந்து சேர்ந்தார். அவருடைய மூன்று ஜிரோ வெற்றிகளையும்விட இந்த இரண்டாம் இடத்தையே நான் உயர்வாக வைக்கிறேன்.