பெயர் தெரியாமல் இணையத்தில் உலவ: டார் வலையமைப்பும் அதை நடத்தும் தன்னார்வலர்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரில், பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்குத் திருமணம் பேசி முடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை நிறுத்த யாரிடம் போவது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தால் அடுத்து என்ன நடக்கும், அப்பாவைச் சிறையில் போட்டுவிடுவார்களா என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு செல்பேசி, அதுவும் அண்ணனுடையது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சட்டத்துக்குப் புறம்பாகப் பார்த்துச் சொல்லும் கும்பல்கள் நம் மாவட்டத்தில் பிடிபட்ட செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அப்படி ஓர் இடம் எங்கே நடக்கிறது என்று தெரிந்த செவிலியர் ஒருவர், தாம் யாரென்று காட்டிக்கொள்ளாமல் அதை ஒரு பத்திரிகைக்குத் தெரிவிக்க நினைக்கலாம். சாதி மாறித் திருமணம் செய்துகொள்ள முடிவெடுத்த இருவர், பாதுகாப்புக் கேட்டு எங்கே மனுக் கொடுப்பது என்று தேடிக்கொண்டிருக்கலாம். இவர்களில் ஒருவர்கூடக் குற்றம் செய்யவில்லை. ஆனாலும், தேடியது இன்னார் என்று தெரிந்துவிட்டால் அடிபடப் போவது இவர்கள்தான்.

இணையத்தில் நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அதன் தடம் குறைந்தது மூன்று இடங்களில் பதிகிறது. முதல் இடம் நம் கையில் இருக்கும் கருவி. பக்கங்களைத் திறக்க உதவும் உலாவியின் (பிரவுசரின்) வரலாற்றுப் பகுதியைத் திறந்தால் நேற்றுப் பார்த்தது வரிசையாக நிற்கும். இரண்டாவது, நமக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனம். எந்தச் சந்தாதாரர் எந்த நேரத்தில் எந்த முகவரியுடன் தொடர்பு கொண்டார் என்ற பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதிகள் திருத்தப்பட்டன. மூன்றாவது, நாம் போய்ச் சேரும் இணையதளம். நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரி அங்கே பதிவாகும். பூட்டுப் படம் போட்ட எச்.டி.டி.பி.எஸ். பக்கமாக இருந்தால், நாம் என்ன எழுதினோம், என்ன படித்தோம் என்பது இடையில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் யார், எந்தத் தளத்துக்குப் போனார் என்பது தெரிந்துவிடும். நான் சொன்ன பெண்ணுக்கும் செவிலியருக்கும் அந்தப் பாதிச் செய்தி வெளியே தெரிந்தாலே ஆபத்துதான்.

இந்தத் தொடர்பை அறுப்பதற்காகவே உருவானது டார் என்ற வலையமைப்பு. உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் சொந்தச் செலவில் நடத்தும் 7,000-க்கும் மேற்பட்ட ரிலே கணினிகள், அதாவது வந்ததை அடுத்த இடத்துக்குக் கைமாற்றிவிடும் கணினிகள், சேர்ந்ததுதான் அது. இந்த வலையமைப்பின் வழியே இயங்கும் டார் உலாவியில் ஒரு பக்கத்தைக் கேட்டால், அந்தக் கோரிக்கை நேராகப் போகாது. இந்தக் கணினிகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் வழியாகவே போகும். கோரிக்கை நம் கருவியை விட்டுக் கிளம்பும் முன்பே பிறர் படிக்க முடியாதபடி அதன்மீது மூன்று அடுக்குக் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்படுகிறது. ஒவ்வொரு ரிலேயும் தனக்குரிய ஓர் அடுக்கை மட்டும் பிரித்து, அடுத்து எங்கே அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துகொள்கிறது. முதல் கணினிக்கு நாம் யார் என்று தெரியும், எங்கே போகிறோம் என்று தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகுமிடம் தெரியும், கேட்டவர் யார் என்று தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. உரிக்க உரிக்க அடுக்கு வருவதால்தான் இந்த முறைக்கு 'ஆனியன் ரவுட்டிங்' என்று வெங்காயத்தின் பெயரை வைத்தார்கள்.

கல்லூரியில் மாணவர்களுக்கு இதைக் காட்டும்போது, டார் உலாவியில் ஒரு சாதாரணத் தேடுபொறியைத் திறக்கச் சொல்வேன். தருமபுரியில் உட்கார்ந்து திறந்த பக்கம் சில நேரம் ஜெர்மன் மொழியில் வந்து நிற்கும். கடைசி ரிலே ஜெர்மனியில் இருப்பதால், கேட்டவர் ஜெர்மானியர் என்று அந்தத் தளம் எடுத்துக்கொள்கிறது. முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள குறியைத் தொட்டால், இந்தப் பக்கம் எந்தெந்த நாட்டுக் கணினிகள் வழியே வந்தது என்ற பட்டியல் விரியும். புதிய இணைப்புகளுக்குச் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாதை மாறுகிறது. முதல் கணினி மட்டும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மாறாது. இது ஏன் என்று கூர்மையான மாணவர்கள் கேட்பார்கள். முதல் கணினியை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தால், கெட்ட எண்ணத்தோடு ஒருவர் நடத்தும் கணினியில் என்றாவது ஒருநாள் போய் விழுவது உறுதியாகிவிடும். அதைவிட, ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிலைத்திருப்பது பாதுகாப்பானது என்பதே காரணம்.

இந்த முறை பிறந்தது அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1990-களின் நடுவில் பால் சைவர்சன், மைக்கேல் ரீட், டேவிட் கோல்ட்ஷ்லாக் ஆகிய மூவர் அங்கே இதற்கான அடிப்படையை அமைத்தார்கள். பின்னர் ரோஜர் டிங்கிள்டைன், நிக் மேத்யூசன் ஆகியோர் சைவர்சனுடன் சேர்ந்து 2002-இல் டார் மென்பொருளை வெளியிட்டார்கள். அதன் நிரல் யாரும் படித்துப் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டது. 2006-இல் லாப நோக்கற்ற நிறுவனமாக டார் பிராஜெக்ட் அமைந்தது. கடற்படைக்காகச் செய்ததை ஊருக்கெல்லாம் ஏன் கொடுத்தார்கள் என்பதில்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் உயிரே இருக்கிறது. கடற்படையினர் மட்டும் அதைப் பயன்படுத்தினால், அதிலிருந்து வரும் ஒவ்வோர் இணைப்பும் கடற்படையினுடையது என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். ஆடிப் பதினெட்டன்று ஒகேனக்கலில் திரளும் கூட்டத்தில் ஒருவரைத் தேடிப் பிடிப்பது அரிது. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நாளில் அதே கரையில் தனியாக நிற்பவரை யாரும் பார்த்துவிடலாம். மறைந்திருக்க வேண்டியவருக்கு, மறைக்க எதுவும் இல்லாத பலர் உடன் இருக்க வேண்டும்.

கூட்டம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஹார்வர்டு பல்கலைக்கழக நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 2013 டிசம்பரில், தேர்வைத் தள்ளிப்போட வேண்டும் என்பதற்காக ஒரு மாணவர் டார் வழியாக வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்களை அனுப்பினார். டாரின் குறியாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. அவர் பல்கலைக்கழகத்தின் வைஃபை இணைப்பையே பயன்படுத்தியிருந்தார். அந்த மணிநேரங்களில் வளாகத்துக்குள் டாருடன் இணைந்தவர்கள் யார் என்று பதிவேட்டில் பார்த்தார்கள். விசாரித்தபோது அவரே ஒப்புக்கொண்டார். அவர் பிடிபட்டது சரியே. ஆனால் இதே கணக்கு, ஒரு சிற்றூரில் தனியாக டார் பயன்படுத்தும் அந்தப் பெண்ணையும் சுட்டிக்காட்டும். நாம் என்ன பார்க்கிறோம் என்பதை டார் மறைக்கும். நாம் டார் பயன்படுத்துகிறோம் என்ற செய்தியைத் தானாக மறைக்காது. அதையும் மறைக்க வேண்டியவர்களுக்காகப் பொதுப் பட்டியலில் இடம்பெறாத ரிலேக்கள் தனியாக உண்டு. அவற்றைப் பிரிட்ஜ் என்கிறார்கள். சீனா, ஈரான், ரஷ்யா போன்ற, டாரைத் தடுக்கும் நாடுகளில் இருப்போர் பெரும்பாலும் இந்த வழியாகவே உள்ளே வருகிறார்கள்.

டார் செய்யாதவற்றையும் நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அரைகுறை நம்பிக்கை இங்கே ஆளை மாட்டிவிடும். கடைசி ரிலேயிலிருந்து இணையதளம் வரையிலான வழியில் டாரின் குறியாக்கம் கிடையாது. 2007-இல் சுவீடனைச் சேர்ந்த டான் எகர்ஸ்டாட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், ஐந்து கடைசி ரிலேக்களைத் தாமே நடத்தி, அவற்றின் வழியே போனதைக் கவனித்தார். பல நாட்டுத் தூதரகங்களின் மின்னஞ்சல் கடவுச்சொற்கள் அவர் கண்முன் வந்து விழுந்தன. அவர்கள் குறியாக்கம் இல்லாத இணைப்பில் மின்னஞ்சலைத் திறந்திருந்ததே காரணம். பூட்டுப் படம் இல்லாத பக்கத்தில் டார் வழியாக எதையும் எழுதிவிடாதீர்கள். அதே போல, டார் வழியாகப் போய் உங்கள் சொந்தப் பெயரில் உள்ள முகநூல் கணக்கைத் திறந்தால், நீங்கள் யார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தொடக்கத்தையும் முடிவையும் ஒரே நேரத்தில் கண்காணிக்க வல்ல ஓர் அமைப்பு, நேரத்தையும் அளவையும் ஒப்பிட்டு இரண்டையும் இணைத்துவிட முடியும் என்பதையும் டாரை உருவாக்கியவர்கள் முதலிலிருந்தே வெளிப்படையாகச் சொல்லி வருகிறார்கள்.

வீட்டில் உள்ளவரின் கண்ணைப் பொறுத்தவரை நிலைமை கொஞ்சம் கலவையானது. டார் உலாவி, மூடியவுடன் பார்த்த பக்கங்களின் வரலாற்றை அழித்துவிடும். அந்த வகையில் ஒரே செல்பேசியைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தச் செயலி செல்பேசியின் திரையில் தெரியும், அது என்ன என்று அண்ணன் கேட்கலாம். உயிருக்கோ உடலுக்கோ அச்சம் இருக்கும்போது, தேடிக்கொண்டிருப்பதைவிட நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரின் செல்பேசியிலிருந்து 1098-ஐ அழைப்பதே மேல். தொழில்நுட்பம் பேச வந்தவனாக இருந்தாலும் இதை நான் தயங்காமல் சொல்வேன்.

நம் இணையத் தொடர்பைத் தன் கணினி வழியே அனுப்பி நம் முகவரியை மறைக்கும் வி.பி.என். சேவை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வி.பி.என்.-இல் நடுவே இருப்பது ஒரே நிறுவனம். நாம் யார் என்பதும் எங்கே போகிறோம் என்பதும் இரண்டுமே அதற்குத் தெரியும். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் என்ற மத்திய அரசின் கணினி அவசரநிலை அமைப்பு வெளியிட்ட ஆணை, வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஒதுக்கப்பட்ட ஐ.பி. முதலியவற்றை ஐந்து ஆண்டுகள் சேமித்து வைக்க வேண்டும் என்று அந்நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது. அதை ஏற்காத வெளிநாட்டு நிறுவனங்கள் சில, இந்தியாவில் வைத்திருந்த தங்கள் சர்வர்களை அகற்றிக்கொண்டன. ஒரே இடத்தில் எல்லாம் தெரிந்திருந்தால், அந்த ஒரே இடத்தில் கேட்டு வாங்கிவிடலாம். டாரில் அப்படி முழுவதும் தெரிந்த ஆளே கிடையாது.

குற்றவாளிகளும் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. போதைப்பொருள் விற்ற சில்க் ரோடு என்ற தளம் டாருக்குள்தான் இயங்கியது. 2013 அக்டோபரில் அது மூடப்பட்டது, அதை நடத்தியவர் இணையத்தில் முன்பு தாம் விட்டுவைத்த பதிவுகளாலேயே அடையாளம் காணப்பட்டார். குற்றத்தைத் துப்புத் துலக்க வழிகள் பல உண்டு. அஞ்சி வாழ்பவருக்கு இருக்கும் வழிகளோ மிகச் சில. டாரைப் பயன்படுத்துவதைத் தடை செய்யும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அந்தரங்கம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று, 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

இந்த ரிலேக்களை நடத்துபவர்கள் யார்? தனி மனிதர்கள், பல்கலைக்கழகங்கள், சிறு சங்கங்கள். என் மனத்துக்கு மிக நெருக்கமானது, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் லெபனான் என்ற சிறு நகரத்தில் உள்ள கில்ட்டன் பொது நூலகம். 2015-இல் அந்த நூலகம் தன் கணினி ஒன்றில் டார் ரிலேயை நிறுவியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிலிருந்து உள்ளூர்க் காவல்துறைக்கு எச்சரிக்கை வந்தது, காவல்துறை நூலகத்துடன் பேசியது, ரிலே நிறுத்தப்பட்டது. பின்பு செப்டம்பரில் நூலகக் குழுவின் கூட்டத்துக்கு ஊர் மக்கள் திரண்டு வந்து அதற்கு ஆதரவாகப் பேசினார்கள். ரிலே மீண்டும் இயங்கத் தொடங்கியது. வாசகர் என்ன படிக்கிறார் என்பதை நூலகர் பிறரிடம் சொல்வதில்லை என்ற பழைய நெறியையே அவர்கள் கணினிக்கும் நீட்டினார்கள். நம் மாவட்டத்து நூலகங்களும் கல்லூரிகளும் இதைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தனி மனிதராக ஒருவர் என்ன செய்யலாம்? கடைசி ரிலேயை வீட்டிலிருந்து நடத்த வேண்டாம். அதன் வழியே யாராவது தவறு செய்தால், வெளியே தெரிவது உங்கள் வீட்டு ஐ.பி. முகவரியாக இருக்கும், காவல்துறை முதலில் உங்களிடம்தான் வரும். நடு ரிலேக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் நொடிக்கு 16 மெகாபிட் வேகமும், மாதம் குறைந்தது 100 ஜிகாபைட் அனுப்பும் வசதியும், வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய ஐ.பி. முகவரியும் வேண்டும். நம் ஊர் வீட்டு இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருகிறார்கள் என்பதால், கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் கிடைக்காது. அவர்களுக்கு ஏற்றது ஸ்னோஃபிளேக். அது ஃபயர்பாக்ஸ், குரோம் உலாவிகளில் சேர்த்துக்கொள்ளும் ஒரு சிறு இணைப்பு நிரல். அதை இயக்கி வைத்தால், டார் தடுக்கப்பட்ட நாட்டில் இருக்கும் ஒருவர் உங்கள் கணினி வழியாக டாருக்குள் நுழைய முடியும். உங்கள் கணினி அவருடைய தரவை டாரின் நுழைவாயில் வரை மட்டுமே கொண்டுபோய் விடுகிறது. அவர் பார்க்கும் தளத்துக்கு உங்கள் முகவரி தெரியாது. 2022 செப்டம்பருக்குப் பின் ஈரானில் போராட்டங்கள் நடந்து இணையம் முடக்கப்பட்டபோது, அங்கே மிகப் பலர் இந்த வழியையே நாடினார்கள்.

இதைவிட எளிய உதவியும் இருக்கிறது. செய்தி படிக்க, விக்கிப்பீடியா பார்க்க, பயிர் நோய்க்கு மருந்து தேட, மறைக்க ஏதுமில்லாத இந்த வேலைகளுக்கெல்லாம் டார் உலாவியை அவ்வப்போது பயன்படுத்துங்கள். மூன்று கணினிகளைச் சுற்றி வருவதால் பக்கம் சற்று மெதுவாகவே வரும். சில தளங்கள் நீங்கள் மனிதர்தானா என்று படம் காட்டிக் கேட்கும். வங்கி வேலைக்கு அது ஏற்றதன்று. பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் ஓசூரிலும் நூறு பேர் அப்படிப் பயன்படுத்தினால், உண்மையாகவே மறைய வேண்டிய ஒருவர் அந்த நூறு பேரில் ஒருவராக இருப்பார். உலாவியை டார் பிராஜெக்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தோ, ஆண்ட்ராய்டு செல்பேசியாக இருந்தால் பிளே ஸ்டோரில் அந்த நிறுவனத்தின் பெயரைச் சரிபார்த்தோ இறக்கிக்கொள்ளுங்கள். அது இலவசம், அதே பெயரில் பணம் கேட்கும் செயலி எதுவாக இருந்தாலும் அது போலி.

நன்றி, வணக்கம்.