ஜீப்பை நிறுத்துங்கள், பெட்ரோல் டேங்கைப் பாருங்கள்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "தப்பி ஓடுவோரின் பயணப்படத்துக்கு உயிர் தருவது துரத்தலா, வழியா?" வழிதான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி அண்ணன் ஒரே போடாகப் போட்டார்: "பின்னால் போலீஸ் ஜீப் இல்லையென்றால் அது டூர் படம்!" கைதட்டலும் வாங்கிவிட்டார். அதை அவரே வைத்துக்கொள்ளட்டும். நான் ஸ்பெயினுக்குப் போகிறேன்.

ஃபெர்னாண்டோ கொலோமோ 1998இல் எடுத்த படம், 'லோஸ் அஞோஸ் பார்பரோஸ்'. அதன் கரு 1948இல் நிஜமாக நடந்தது. நிக்கோலாஸ் சான்செஸ் அல்போர்னோஸ், மானுவேல் லமானா. இருவரும் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியை எதிர்த்த மாணவர்கள். மாட்ரிட்டுக்கு வடமேற்கே, குவாடர்ராமா மலையில் உள்ள குவெல்காமூரோஸில் பிராங்கோ தன் நினைவுச்சின்னத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். தண்டனைக் கைதிகளாக இவர்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். ஆகஸ்டில் நழுவினார்கள். காரோடு வந்தவர்கள் நண்பர் பாக்கோ பெனெட்டும், பார்பரா ப்ராப்ஸ்ட், பார்பரா மெய்லர் என்ற இரண்டு அமெரிக்கப் பெண்களும். கார் யாருடையது? எழுத்தாளர் நார்மன் மெய்லருடையது, சாமி! பார்பரா மெய்லர் அவருடைய தங்கை.

இங்கேதான் எதிரணி கவனிக்க வேண்டும். அந்த முகாமைச் சுற்றிக் கோட்டைச் சுவர் இல்லை. வெளியே போனாலும் எங்கே போய்விடுவான் என்ற தைரியம்தான் காவல். சாப்பிட ரேஷன் அட்டை வேண்டும், அது 1952 வரை இருந்தது. சாலையில் சிவில் கார்ட் படையினர் இரண்டிரண்டு பேராக ரோந்து வருவார்கள், யாரானாலும் அடையாளத் தாளைக் காட்டு என்பார்கள். அப்படியானால் வேலியைத் தாண்டுவது படத்தின் முதல் பத்து நிமிடம். மீதிப் படம் முழுக்க வழி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாலை ஆஜர் எடுக்கும்போது ஆள் குறைவது தெரிந்துவிடும். அதற்குள் எவ்வளவு தூரம் போகலாம்? பிரான்ஸுக்குத் தப்ப வேண்டும்; மாட்ரிட்டிலிருந்து எல்லைப் பக்கம் உள்ள பார்சிலோனாவே சுமார் 600 கிலோமீட்டர். அந்தக்கால ரோட்டில் மணிக்கு 50 என்று வைத்தால் 12 மணி நேரம். நூறு கிலோமீட்டருக்குப் 10 லிட்டர் என்றால் 60 லிட்டர். சின்ன காரின் டேங்க் அவ்வளவு கொள்ளாது. வழியில் ஒரு தடவையாவது நிறுத்தியாக வேண்டும். பெட்ரோலுக்கோ கட்டுப்பாடு. பங்கில் இறங்கிப் பேசுவது யார், உள்ளே தூங்குவதுபோல் நடிப்பது யார்? அந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடாக ஒரு ஜீப் காட்டுங்கள் பார்க்கலாம்.

இன்னொன்று. பிரான்ஸ் தன் எல்லையை 1946 மார்ச்சில் மூடி, 1948 பிப்ரவரியில்தான் திறந்தது. அந்தக் கார் வந்தது பாரிஸிலிருந்து; ஓராண்டு முன்னால் என்றால் நேராக வந்திருக்கவே முடியாது. அமெரிக்கப் பெண்கள் காரில் உட்கார்ந்திருந்தால் பார்ப்பவனுக்கு அது உல்லாசப் பயணிகள் கூட்டம். வேஷமே வண்டிதான். ஆனால் எல்லையில் அந்த வேஷம் செல்லாது, பாஸ்போர்ட் கேட்பான். அதனால் மாணவர்கள் இருவரும் பிரனீஸ் மலையை நடந்தே தாண்டினார்கள்.

"அது மாணவர் கதை, கொள்ளைக்காரர் கதையில் துரத்தல் வேண்டாமா?" என்பார்கள். ஸ்பெயின் இயக்குநர் கார்லோஸ் சௌராவின் 'தெப்ரீசா, தெப்ரீசா' 1981இல் பெர்லின் படவிழாவில் தங்கக் கரடி விருது வாங்கியது. தலைப்பே 'சீக்கிரம், சீக்கிரம்'! முதல் காட்சி என்ன? இரண்டு பையன்கள் கார் திருடுகிறார்கள். எஞ்சின் பிடிக்கவில்லை. கண்ணாடி ஏற்றியாகிவிட்டது. சொந்தக்காரர் பார்த்துவிட்டார், கூட்டம் சூழ்ந்து கண்ணாடியைத் தட்டுகிறது. அந்த இருவரில் ஒருவனான பாப்லோ துப்பாக்கியை எடுத்து நீட்டுகிறான். வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை, நமக்கோ மூச்சு நின்றுவிடுகிறது. கடைசியில் அவனுக்குக் குண்டு பாய்ந்த பிறகு, அவன் காதலி ஆஞ்சலா பணம் கொடுத்து டாக்டரை வீட்டுக்கு வரவழைக்கிறாள். கை நிறையப் பணம் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வழியில்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பி ஒன்றே ஒன்று செய்யட்டும்: அந்த முதல் காட்சியில் போலீஸ் ஜீப் எந்த மூலையில் நிற்கிறது என்று காட்டிவிட்டு அப்புறம் பேசட்டும். வணக்கம்.