தூசி படிந்த தொலைபேசி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். தற்கொலையைத் தடுப்பதில் முன்நிற்பது இறைநம்பிக்கையா, மனித உறவா என்ற கேள்விக்கு, இறைநம்பிக்கையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் ஒரு கேள்வியை வீசிவிட்டு, உங்கள் கைதட்டலையும் அள்ளிக்கொண்டு அமர்ந்தார். "தற்கொலையைத் தடுக்க லண்டனில் ஒரு பாதிரியார் தொலைபேசி வைத்தாராம், கடவுள் காப்பாற்றுவார் என்றால் அவருக்குத் தொலைபேசி எதற்கு?" என்பது அவர் கேள்வி. புள்ளிவிவரத்தோடு தொடங்கத்தான் வந்தேன். ஆனால் அந்தப் பாதிரியாரை அவர் பாதிக் கதையில் விட்டுவிட்டுப் போனதால், மீதியைச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை.

அவர் பெயர் சாட் வாரா. 1935இல் இளம் குருவாக இருந்தபோது 14 வயதுச் சிறுமி ஒருத்தியை அடக்கம் செய்யும் கடமை அவருக்கு வந்தது. பூப்பெய்தியதை ஏதோ வெட்கக்கேடான நோய் என்று எண்ணி, கேட்டுத் தெளிய ஒருவரும் இல்லாமல், அந்தக் குழந்தை தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தது. அந்தக் குழிமேட்டில் நின்றவர் அவளை மறக்கவேயில்லை. 18 ஆண்டுகள் கழித்து, 1953இல், லண்டன் நகரின் புனித ஸ்டீபன் வால்புரூக் தேவாலயப் பொறுப்பு கைக்கு வந்ததும், மனம் உடைந்தவர்கள் அழைப்பதற்கென்றே ஒரு தொலைபேசி வைக்க முடிவு செய்தார். அந்நாளில் எண்ணுக்கு முன்னால் அந்தப் பகுதித் தொலைபேசி நிலையத்தின் பெயரும் வரும்; எளிதில் நினைவில் நிற்க மேன்ஷன் ஹவுஸ் 9000 என்ற எண் கிடைத்தால் நல்லது என்று விரும்பினார்.

அடுத்து நடந்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தேவாலயத்தில் கிடந்த தொலைபேசியை எடுத்து, நிலையத்தை அழைத்து, அந்த எண் வேண்டும் என்று கேட்கிறார். "நீங்கள் எந்த எண்ணிலிருந்து பேசுகிறீர்கள்?" என்று மறுமுனையில் கேட்கிறார்கள். இவருக்குத் தெரியவில்லை. எண்வட்டின் மேல் தூசி. விரலால் துடைக்கிறார். முதலில் மேன்ஷன் ஹவுஸ் என்பதன் சுருக்கம் தெரிகிறது. இன்னும் துடைக்கிறார். நடுவர் அவர்களே, அங்கே இருந்தது 9000! எதை யாரிடம் கேட்டு வாங்கலாம் என்று நினைத்தாரோ, அது அவர் கைக்குள்ளேயே தூசி மூடிக் கிடந்தது.

தோழரே, தொலைபேசி எதற்கு என்றீர்களே! 1935இல் அந்தக் குழந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். 18 ஆண்டுகள் அவளைச் சுமந்தவர், ஒவ்வோர் உயிரும் ஆண்டவன் கொடுத்தது என்று நம்பிய ஒருவர். அந்த நம்பிக்கைதான் கருவியை எடுத்துத் தூசியைத் துடைத்தது. அப்படி அவர் தொடங்கிய சமாரிட்டன்ஸ் என்ற உதவி அமைப்பின் தொண்டர்கள், அழைப்பவரிடம் மதம் பேசக் கூடாது என்று விதி வைத்தவரும் அவர்தான். பசித்தவனுக்குச் சோறு போடும்போது தேவாரம் ஒப்பிக்கச் சொல்வதில்லையே, அதுபோலத்தான் இதுவும்.

உயிரை மாய்த்துக்கொண்டவருக்கு இறுதிச் சடங்கை மறுத்த திருச்சபையையும், தற்கொலை முயற்சியை 1961 வரை குற்றமாக வைத்திருந்த இங்கிலாந்துச் சட்டத்தையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். அவை மாபெரும் பிழைகள்.

கணக்கும் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் 89,708 செவிலியரை 1996 முதல் 2010 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. வாரம் ஒருமுறையேனும் வழிபாட்டுக்குச் சென்றவர்களிடம் தற்கொலை விகிதம், ஒருபோதும் செல்லாதவர்களிடம் இருந்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். கூடியிருப்பதுதான் காரணம் என்று, 1897இலேயே தற்கொலையைப் பற்றி எழுதிய பிரெஞ்சுச் சமூகவியலாளர் டர்க்கைமைத் துணைக்கழைத்து எதிரணி சொல்லும். கூட்டியது எது என்று நான் கேட்பேன்.

2022இல் நம் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். இந்த அவையில் மனம் கனத்து அமர்ந்திருப்பவர் எவரேனும் இருந்தால், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை இன்றிரவே அழையுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள்.

இப்படி ஓர் ஆண்டுக் கணக்கில் என் அம்மாவும் ஓர் எண்ணாகப் போயிருப்பார். அப்பா இறந்த பிறகு அவர் எங்களோடு பேசுவதைக் குறைத்துவிட்டார். நாங்கள் பிள்ளைகள் நான்கு பேர், உறவுக்குக் குறைவில்லை. ஆனாலும் "நான் இருந்து என்ன ஆகப்போகிறது?" என்பார்; நாங்கள் அதைக் கேட்டும் கேளாதவர்களாக இருந்தோம். மாலையில் அம்மன் கோயிலுக்குப் போவதை மட்டும் அவர் விடவில்லை. அதையும் ஒருநாள் விட்டார். அன்று விளக்கு வைத்த நேரத்தில், கோயில் வாசலில் பூக்கட்டும் அக்கா எங்கள் வீட்டுப் படியில் வந்து நின்றார். கையில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு முழம் மல்லிகை இருந்தது.

"அம்மனுக்கு உங்க பங்குப் பூ, எடுத்து வச்சிருக்கேன். நீங்க வந்து கொடுத்தாத்தான் ஆச்சு. எழுந்திரிங்கம்மா, நடை சாத்திடுவாங்க" என்றார்.

அம்மா முகம் கழுவிக்கொண்டு கிளம்பினார்.