போராடியதற்கு என்ன அத்தாட்சி?

அவையோருக்கு வணக்கம். அயர்லாந்து விடுதலைக்குப் போராடியவர்கள் ஓய்வூதியம் கேட்டு நின்ற கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

1916 ஏப்ரல், அயர்லாந்தின் டப்ளின் நகரம். ஈஸ்டர் திங்களன்று பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்துவிட்டது. செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவுக்கு எதிரே அறுவை மருத்துவர் கல்லூரி. அதன் கூரையில் படுத்தபடி ஒரு பெண் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருக்கிறார். பெயர் மார்கரெட் ஸ்கின்னைடர். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், கிளாஸ்கோவில் கணக்கு டீச்சர். சைக்கிளில் போய்ச் செய்தி சேர்ப்பதும் அவர்தான், திரும்பி வந்து கூரையேறித் துப்பாக்கி பிடிப்பதும் அவர்தான். புதன்கிழமை, பக்கத்து ஹார்கோர்ட் தெருவில் எதிரிகளின் வழியை மறிக்கக் கட்டடங்களுக்குத் தீ வைக்க வேண்டியிருந்தது. சிறு குழுவோடு போனார். எதிரிகள் சரமாரியாகச் சுட்டார்கள். கூட வந்த 17 வயதுப் பையன் அங்கேயே இறந்தான். மார்கரெட்டின் உடம்பில் மூன்று குண்டுகள். பிழைத்ததே பெரிய விஷயம்.

சரி, ஒன்பது வருஷம் தள்ளி வருவோம். அயர்லாந்து இப்போது சுதந்திர அரசு. காயம்பட்ட போராளிகளுக்கும், உயிர்விட்டவர்களின் குடும்பங்களுக்கும் உதவ 1923-லேயே சட்டம் போட்டாயிற்று. 1925-இல் மார்கரெட் விண்ணப்பிக்கிறார். அவர் காயம்பட்டதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அரசின் சட்ட அதிகாரி கருத்து எழுதுகிறார்: இந்தச் சட்டத்தில் படைவீரர் என்று சொல்லியிருப்பது ஆண்களைத்தான். அவ்வளவுதான், மனு தள்ளுபடி.

இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. குண்டு ஆணா பெண்ணா என்று பார்த்தா பாய்ந்தது?

அவர் பெண் என்பதோடு இன்னொரு தடையும் உண்டு. 1921 டிசம்பரில் பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானதும், அதை ஏற்பதா மறுப்பதா என்று தோழர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 1922 ஜூனில் உள்நாட்டுப் போர். நேற்றுவரை ஒரே பதுங்கிடத்தில் படுத்தவர்கள் ஒருவரையொருவர் சுட்டார்கள். ஒப்பந்தத்தை ஏற்றவர்கள் ஜெயித்தார்கள். ஜெயித்தவர்கள் கொண்டுவந்த 1924-ஆம் ஆண்டுப் படைச்சேவை ஓய்வூதியச் சட்டம், தங்கள் தேசியப் படையில் இருந்தவர்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டியது. எதிரணிக்காரர் 1916-இலிருந்து பிரிட்டிஷ் படையோடு மோதியிருந்தாலும் ஒரு காசு கிடையாது. மார்கரெட் எதிரணிதான். ஒப்பந்தத்தை எதிர்த்த தலைவர் டி வலேரா 1932-இல் ஆட்சிக்கு வந்தார். 1934-இல் புதுச் சட்டம் போட்டார். அப்புறம்தான் எதிரணிக்கும், குமன் நா மான் என்ற பெண்கள் அமைப்புக்கும் கதவு திறந்தது.

திறந்த கதவுக்குள் நுழைவதும் எளிதாக இல்லை. அந்த விண்ணப்பப் படிவத்தை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். 1916 ஈஸ்டர் வாரம் தொடங்கி 1923 செப்டம்பர் வரை காலத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எங்கே இருந்தாய், யாருக்குக் கீழே, என்ன செய்தாய் என்று கேட்கும். தோழர்களிடமும் மேலதிகாரிகளிடமும் சான்று வாங்க வேண்டும். மேலதிகாரி இறந்திருக்கலாம், அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருக்கலாம், உள்நாட்டுப் போரில் எதிர்ப்பக்கம் நின்றிருக்கலாம். எல்லாம் சேர்த்த பிறகும், மனுக்களைப் பரிசீலிக்கும் ஆலோசனைக் குழு முன்னால் சத்தியப் பிரமாணம் செய்து பதில் சொல்ல வேண்டும். ரகசியப் படையில் இருந்தவர்கள் ஐயா இவர்கள்! எழுத்தில் எதுவும் வைக்கக் கூடாது என்று பழகியவர்களிடம்தான் எழுத்தில் ஆதாரம் கேட்டார்கள்.

அமைப்பில் உறுப்பினராக இருந்தது போதாது, ‘களப்பணி’ ஆற்றியிருக்க வேண்டும் என்றது சட்டம். எது களப்பணி என்று தெளிவாகச் சொல்லவில்லை. பதுங்கி நின்று சுட்டவனுக்குச் சிக்கல் குறைவு. அவனுக்கு நள்ளிரவில் கதவு திறந்தவள், சோறு போட்டவள், காயத்துக்குக் கட்டுப் போட்டவள், துப்பாக்கியைத் துணிக்குள் சுற்றி ஊர் தாண்டிக் கொடுத்தவள்? பிடிபட்டால் வீடு எரியும் என்று தெரிந்துதான் அவள் அதைச் செய்தாள். ஓய்வூதியத்தில் ஐந்து படிகள் வைத்தார்கள். பெண்களுக்குக் கீழ்ப் படிகள் இரண்டுதான்.

நம் நாட்டு மண்ணில் நடந்த ஒரு சம்பவமும் இந்தக் கதையில் உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்தின் கன்னாட் ரேஞ்சர்ஸ் பிரிவு பஞ்சாபில் இருந்தது, வீரர்கள் ஐரிஷ்காரர்கள். அயர்லாந்தில் பிரிட்டிஷ் படை செய்யும் அட்டூழியம் காதுக்கு வர, 1920 ஜூனில் ஜலந்தரில் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அது சோலனுக்கும் பரவியது. அங்கே முன்னின்ற ஜேம்ஸ் டேலியை நவம்பர் 2 அன்று தக்ஷாய் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். மற்றவர்களில் பலர் சிறையில் கிடந்தார்கள். இவர்களுக்கென்றே 1936-இல் அயர்லாந்து தனியாக ஓய்வூதியச் சட்டம் இயற்றியது. ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் காட்டிய எதிர்ப்பையும் விடுதலைப் போரின் பங்காக அந்த அரசு ஏற்றுக்கொண்டதே, அதை மனதாரப் பாராட்டுகிறேன்.

1957-இல் அரசு ஒரு கணக்கு சொன்னது. 1924, 1934 சட்டங்களின் கீழ் விண்ணப்பித்தவர்கள் 82,000 பேர். கிடைத்தது 15,700 பேருக்கு. 66,300 பேருக்கு இல்லை. அதில் பொய் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் வேலை இல்லாமல், உடம்பு முடியாமல், கடைசி நம்பிக்கையாக எழுதிப்போட்டவர்கள் எத்தனையோ பேர். இல்லை என்ற பதில் வந்த நாளில் அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்?

அந்தக் காகிதங்களை அரசு தூக்கிப் போடவில்லை. டப்ளின் ரத்மைன்ஸ் பகுதியில் உள்ள ராணுவ ஆவணக் காப்பகம் 2014 முதல் அவற்றைக் கட்டம் கட்டமாக இணையத்தில் ஏற்றி வருகிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். கொடுத்ததும் இருக்கிறது, மறுத்ததும் இருக்கிறது. தளபதிகளின் கதை ஏற்கெனவே நமக்குத் தெரியும். கதவு திறந்தவளின் கதை அவள் கையெழுத்திலேயே இருப்பது இந்த மனுக்களில்தான்.

மார்கரெட்டின் தாள்களும் அங்கே இருக்கின்றன. விடாமல் கேட்டு, 1938-இல் அவர் ஓய்வூதியம் பெற்றார். குண்டு பாய்ந்து அப்போது 22 வருஷம் ஆகியிருந்தது.