மருன்னு நினைச்சு நூல் கட்டாதீங்க

வணக்கம். தோல்ல பட்டாணி அளவுக்கு மெத்துன்னு ஒரு முண்டு. பார்த்ததும் மருன்னு முடிவு பண்ணி நூல் கட்டுறது, சுண்ணாம்பு வைக்கிறது... கொஞ்சம் பொறுங்க.

முதல்ல விரல் நுனியால மெல்ல அழுத்துங்க. பொத்தான் துளைக்குள்ள போற மாதிரி உள்ள அமுங்கி, விரலை எடுத்ததும் மறுபடி மேல வருதா? அப்போ அது நியூரோஃபைப்ரோமாவா இருக்கலாம். மரு வைரஸால வர்றது, சொரசொரன்னு இருக்கும், இப்படி அமுங்காது.

நரம்பு உறையில இருக்குற ஷ்வான் செல்கள் பெருகி வர்ற கட்டி இது. புற்றுநோய் இல்ல, யாருக்கும் ஒட்டாது. கூடவே அரிப்பைக் கிளப்புற மாஸ்ட் செல்களும் இருக்குறதால சிலருக்கு அரிக்கும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு கட்டிதான், அதுவும் வருஷக்கணக்கா அப்படியே இருந்தா பெரும்பாலும் விட்டுடலாம். நிறைய இருந்தாதான் வேற கதை. உடம்பு முழுக்க கோப்பி நிறத் திட்டுகளை எண்ணுங்க. கோப்பி-ஓ இல்ல, பால் ஊத்துன கோப்பி. நம்ம நிறத்துல கொஞ்சம் அடர்த்தியாத் தெரியும். பெரியவங்களுக்கு 15 மில்லிமீட்டருக்கு மேல, வயசுக்கு வராத பிள்ளைங்களுக்கு 5-க்கு மேல, அப்படி 6 திட்டாவது இருந்து, அக்குள்லயும் பொடிப்பொடியாப் புள்ளி இருந்தா என்எஃப்-1, அதாவது நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1-ங்கிற மரபணு நோய்னு சந்தேகம் வலுக்குது. 17-வது குரோமோசோம்ல வர்ற மரபணு மாற்றம். "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே"ன்னு தள்ளிடாதீங்க: பாதிப் பேருக்கு இது புதுசா வர்றதுதான். ஆனா அவங்க பிள்ளைக்குப் போக 50 சதவீத வாய்ப்பு.

எங்க காட்டுறது? சிங்கப்பூர்ல முதல்ல பலதுறை மருந்தகம். அங்கேருந்து கடிதத்தோட நேஷனல் ஸ்கின் சென்டர் போனா சலுகைக் கட்டணம். நேரா நிபுணர்கிட்ட போனா முழுக் காசு.

எடுக்கணும்னா மரத்துப்போக ஊசி போட்டு வெட்டித் தைப்பாங்க. நிறைய இருந்தா கார்பன் டை ஆக்சைடு லேசர், இல்ல மின்சூடு. ஆனா சுட்டு எரிச்சா ஆய்வகத்துக்கு அனுப்பத் திசு மிஞ்சாது. அதனால சந்தேகமான கட்டியை வெட்டித்தான் எடுக்கச் சொல்லுங்க. அடி மிச்சமிருந்தா திரும்ப முளைக்கும். நெஞ்சு, தோள்பட்டையில தழும்பு தடிச்சு கீலாய்டு ஆகலாம், அதை முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிடுங்க. கர்ப்ப காலத்துல எண்ணிக்கையும் அளவும் கூடுறது சகஜம்.

ஆழத்துல இருக்குற பெரிய கட்டி திடீர்னு வளருது, இறுகுது, ராத்திரி தூங்கவிடாம வலிக்குதுன்னா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. என்எஃப்-1 உறுதியானவங்க வருஷம் ஒருமுறை ரத்த அழுத்தமும் பாருங்க. சிறுநீரக ரத்தக்குழாய், அட்ரினல் சுரப்பிக் கோளாறு முதல்ல அதுலதான் தெரியும்.