மோதிரம் ஒன்றுதான் இருந்தது

(பாம்பனில் நடந்த பட்டிமன்றம் ஒன்றில், ‘நெய்தல் மண்ணின் இலக்கியத்தைப் பெரிதும் வாழவைப்பது தனிமனிதரா? தமிழ்ச் சங்கமா?’ என்ற தலைப்பில், சங்கத்தின் பக்கம் நின்று பேசியது.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி அண்ணன்மார் அக்காமாருக்கும், காற்று இப்படி அடிக்கிறபோதும் மணலை விட்டு எழுந்திருக்காத என் ஊர் மக்களுக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் சீதக்காதியை வைத்துத் தொடங்கினார். கீழக்கரை வள்ளல் பேரைச் சொன்னால் இந்தக் கரையில் கை தட்டாதவர் யார்? நானும் தட்டினேன். “உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாடச் சொன்னது எந்தச் சங்கம்? ஒரு மரைக்காயர் கேட்டார், ஒரு புலவர் பாடினார், காரியம் முடிந்தது” என்றார்.

அண்ணே, முடியவில்லை. என் வாதமே அங்கேதான் இருக்கிறது. சீறா பாடிக்கொண்டிருக்கும்போதே சீதக்காதி கண்மூடிவிட்டார் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். பரங்கிப்பேட்டையிலிருந்து அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்த பிறகுதான் காப்பியம் மேலே நடந்தது. 5027 பாட்டு. அப்படியும் நபிகள் நாயகத்தின் வாழ்க்கை முழுவதும் அதற்குள் வரவில்லை. விட்ட இடத்திலிருந்து பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’ பாட வேண்டியதாயிற்று.

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்கிறோம். அடக்கம் செய்த இடத்தில் புலவர் வந்து அழுதபோது அந்தக் கை வெளியே வந்து மோதிரத்தைக் கொடுத்தது என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்கிறபோதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் நடுவர் ஐயா, அந்தக் கையில் இருந்தது ஒரே ஒரு மோதிரம். மறுநாள் வந்த புலவருக்கு என்ன கிடைத்தது?

இந்தக் கேள்வி நம் இராமநாதபுரம் அரண்மனையில் ஒருவர் மனசிலும் விழுந்திருக்கிறது. பாண்டித்துரைத் தேவர். அவருடைய அப்பா பொன்னுசாமித் தேவர் ஆறுமுக நாவலரின் பதிப்புகளுக்குத் துணைநின்றவர். பாண்டித்துரையாரும் அப்பாவைப் போலவே அள்ளிக் கொடுத்தார். உ.வே.சாமிநாதையர் 1898-இல் மணிமேகலையை அச்சேற்றியபோது உதவியவர்களில் அவரும் உண்டு. அதோடு நின்றிருந்தால் அவரும் இன்னொரு வள்ளல், அவ்வளவுதான்.

மதுரையில் பேசப்போன இடத்தில் திருக்குறளும் கம்பராமாயணமும் பார்க்கக் கேட்டாராம். ஊரில் பிரதி கிடைக்கவில்லையாம். சங்கம் பிறந்த கதையாக இதைச் சொல்வார்கள். புத்தகம் கிடைக்காத கோபத்தில் அவர் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வாங்கி ஊருக்குக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. சேதுபதி மன்னர் பாஸ்கர சேதுபதியின் துணையோடு 1901 செப்டம்பர் 14 அன்று மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். நான்காம் தமிழ்ச் சங்கம் என்று இன்று சொல்கிறோமே, அதுதான். தமிழ் படிக்கக் கலாசாலை வைத்தார். நூல்களைச் சேர்க்கப் பாண்டியன் புத்தகசாலை. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிப்படியாகத் தேர்வு. ‘செந்தமிழ்’ என்று ஒரு மாத இதழ். அதற்கு முதல் ஆசிரியர் சேது சமஸ்தானப் புலவர் இரா. இராகவையங்கார், அவருக்குப் பிறகு மு. இராகவையங்கார்.

இனி நான் சொல்லப்போகும் இரண்டு வயதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. 1903 டிசம்பரில் பாஸ்கர சேதுபதி மறைந்தார். வயது 35. சங்கத்துக்கு அப்போது இரண்டு வயசு முடிந்து மூன்று மாதம். 1911 டிசம்பரில் பாண்டித்துரைத் தேவரும் போய்ச் சேர்ந்தார். வயது 44. பாலூட்டிய இருவருமே இல்லை. சீறாப்புராணம் நின்றதுபோல எல்லாம் நின்றிருக்க வேண்டுமே? நிற்கவில்லை. மறு மாதமும் செந்தமிழ் வந்தது. அடுத்த வருஷமும் பிள்ளைகள் பண்டிதத் தேர்வு எழுதினார்கள். தேவர் கொடுத்தது பணம் மட்டுமாக இருந்திருந்தால் அவரோடு போயிருக்கும். அவர் விட்டுப்போனது கொடுத்துக்கொண்டே இருக்கிற ஒரு ஏற்பாடு.

“தனிமனிதர் உழைக்காமல் சங்கம் எங்கே?” என்று அந்தப் பக்கத்து ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான். சென்னையில் ஆ. சிங்காரவேலு முதலியார் என்று ஒருவர். புராணம், இலக்கியம், வரலாறு என்று தமிழில் வருகிற பெயரையெல்லாம் பல வருஷம் தனியாளாகத் திரட்டினார். உழைப்பு முழுக்க அவருடையது. அச்சேற்ற ஆள் கிடைக்காமல் அந்தக் கையெழுத்துக் கட்டு கிடந்தது. 1910-இல் அதை ‘அபிதான சிந்தாமணி’யாக வெளியே கொண்டுவந்தது எது? மதுரைத் தமிழ்ச் சங்கம். உழைத்தவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் உழைப்பைக் கரையான் தின்னாமல் காத்தது யார் என்றுதான் கேட்கிறேன்.

சங்கம், அகாதெமி என்றாலே சால்வையும் விருதும் என்று ஒரு பேச்சு வந்தது. விருதில் மனத்தாங்கல் வருவது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1954-இல் தொடங்கிய சாகித்திய அகாதெமி விருது மட்டுமா கொடுத்தது? தகழியின் ‘செம்மீன்’ நாவலைச் சுந்தர ராமசாமி மொழிபெயர்க்க, தமிழில் வெளியிட்டது அகாதெமிதான். மலையாளக் கரையில் ஒரு கருத்தம்மா பட்ட பாட்டை, இந்தக் கரையில் கூடை சுமந்த வீட்டுப் பெண்ணான நான் என் மொழியில் படித்தேன். பள்ளிக்கூடத்து நூலகத்தில், ஒரே இருப்பில். கடலோரத்துப் பெண்ணைப் பற்றிக்கூட நாவல் எழுதுவார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அக்கா ஒருத்தர், வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டைப் பாடிக் காட்டினார். நல்ல குரல் அக்கா. “இதை எந்தச் சங்கம் எழுதிக்கொடுத்தது?” என்று கேட்டார். கரைவலை இழுத்தவர்கள் இங்கே எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள். அம்பா தனியாள் பாட்டா? ஒருத்தர் எடுத்துக் கொடுக்க வேண்டும், கயிற்றைப் பிடித்த அத்தனை பேரும் வாங்கிப் பாட வேண்டும். வாங்கிப் பாட ஆள் இல்லையென்றால் வலையும் நகராது, பாட்டும் நகராது. கரைவலை குறையக் குறைய அந்தப் பாட்டும் குறைந்து போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். குரல் இன்னும் இருக்கிறது. சேர்ந்து பாடுகிற கூட்டம்தான் கலைந்துவிட்டது.

கடைசியாக என் வீட்டு விஷயம்.

எங்க அப்பத்தா பாசி எடுக்கப் போனவள். விரல் ஒவ்வொன்றிலும் கிழிசல் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள், கடலடிப் பாறையான பார்க் கல் அறுத்துவிடும் என்று. கண்ணாடி மாட்டி, காலுக்குத் தகடு கட்டி, இடுப்பில் வலைப்பையோடு முங்கினால் எனக்கு இங்கே கரையில் மூச்சு முட்டும். மேலே வந்து பையைக் கொட்டி, “இது கஞ்சிப்பாசி, இது மரிக்கொழுந்து, இது கட்டக்கோரை” என்று பிரிப்பாள். சில நாள் இறங்கவே மாட்டாள். “கச்சான் எடுத்துருச்சுடி, தென்கடல் கலங்கிக் கெடக்கு, பாசி கண்ணுக்குத் தெரியாது.”

கச்சான் என்ற சொல்லைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் நான் பார்த்தேன். மேல்காற்று என்று போட்டிருக்கிறது. அந்த அகராதி வேலைக்கு 1913-இல் போய் உட்கார்ந்த தமிழ்ப் பண்டிதர், செந்தமிழ் ஆசிரியராக இருந்த அதே மு. இராகவையங்கார். சங்கத்தில் பழகிய கை அங்கே போய்ச் சொல் சேர்த்திருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது அப்பத்தா பேச்சை யாரோ மதித்து எழுதிவைத்ததுபோல எனக்கு அழுகை வந்தது.

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். பாசியின் பேர், பார் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பேர், நீவாடு என்கிற கடல் நீரோட்டத்தின் பேர். பிறகு எனக்கு வேலை கிடைத்து வெளியூர் போனேன். லீவுக்கு வரும்போது மிச்சத்தைக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த லீவுக்கு நான் வந்தபோது அப்பத்தா இல்லை.

எதிரணி சொல்லும் தனிமனிதர் நான்தான் ஐயா. ஆசை இருந்தது, தமிழ் தெரிந்தது, நோட்டும் பேனாவும் இருந்தது. என்னால் முடிந்தது மூன்று பக்கம். எனக்குப் பதிலாக வேறொருத்தி போய் உட்கார்ந்து கேட்டிருந்தால் நாலாவது பக்கம் வந்திருக்கும். அப்படி ஒருத்தியை அனுப்பிவைக்க எங்கள் கரையில் ஓர் இடம் இல்லாமல் போயிற்று.

அந்த நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். உங்கள் மேசையில் வைக்கிறேன் ஐயா. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். மூன்றாம் பக்கத்துக் கடைசி வரி பாதியில் நிற்கும்.